அரிசி தின்னும் ஆசை மசக்கைதானா?

கேள்வி: எனக்கு வயது 24. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். இரண்டாவது குழந்தை, ஐந்தரை மாதம் ஆகிறது. மூத்தவனுக்கு இப்போதுதான் ஒன்றரை வயது. மூன்றாம் மாதத்தில் ரத்தம் 9.8 பாயிண்ட் இருந்தது, இப்போது 8.4 என்கிறார்கள். நர்ஸம்மா கொடுத்த சத்து மாத்திரையைப் போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயந்துபோய் நிறுத்திவிட்டேன். மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும் என்று மாமியாரும் சொல்கிறார். தினமும் இரண்டு கைப்பிடி பச்சரிசி மெல்லாமல் இருக்க முடியவில்லை, மசக்கைதானே இது? வெள்ளையும் படுகிறது. களை பறிக்கப் போகலாமா?

பதில்: போகிற போக்கில் சொன்னீர்களே அந்த அரிசி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது மசக்கை இல்லை அம்மா. மசக்கையில் மாங்காயும் புளியும் கேட்கும், பெரும்பாலும் நாலாம் மாதத்தோடு அடங்கிவிடும். அரிசி, சாம்பல், சிலேட்டுக்குச்சி, செங்கல் தூள், சும்மா ஐஸ்கட்டி என்று உணவில்லாததையும் வேகாததையும் வாய் தேடுகிறது என்றால், பல நேரம் உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நெல் விளைகிற ஊரில் குதிரும் மூட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் நம் பெண்களுக்கு அது அரிசியாக வருகிறது, யாரும் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். என்னிடம் வருகிறவர்களிடம் "அரிசி திங்கிறியாம்மா" என்று நானாகக் கேட்பேன், சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தால் ரத்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்பே பாதி தெரிந்துவிடும். இரும்புச்சத்து ஏற ஏற இந்த ஆசை தானாக விட்டுப்போகும்.

இப்போது அந்த 8.4க்கு, அதாவது உங்கள் ஹீமோகுளோபின் அளவுக்கு வருவோம். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட வேகமாகக் கூடும், கஞ்சியில் தண்ணீர் கூடினால் நீர்த்துப்போவது போல, அதனால் நடுமாதங்களில் அளவு கொஞ்சம் இறங்குவது இயற்கைதான். ஆனால் அந்த இயற்கைக்கும் ஓர் எல்லை உண்டு: 11க்குக் கீழே போனால் ரத்தசோகை, நடுமாதங்களில் மட்டும் 10.5 வரை பொறுக்கலாம். 7க்கும் 9.9க்கும் இடையில் இருப்பது நடுத்தர ரத்தசோகை, நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். மூத்த பிள்ளை பிறந்து ஒரு வருஷம் ஆனதுமே அடுத்தது தங்கியிருக்கிறது, முதல் பிரசவத்தில் போன இருப்பு திரும்புவதற்குள் இரண்டாவது ஆள் வந்து கேட்கிறது.

மாமியார் சொல்வதில் ஒன்று நேர்மாறு. இரும்பு மாத்திரையால் பிள்ளை பெருப்பதில்லை. ரத்தம் குறைந்த தாய்க்குத்தான் எடை குறைந்தும் நாள் முந்தியும் பிள்ளை பிறக்க வாய்ப்பு அதிகம். சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். 11 இருப்பவள் அதைத் தாங்கிவிடுவாள், 7 இருப்பவளுக்கு அதே அரை லிட்டர் உயிர் விஷயம். அவரை அடுத்த செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் வீட்டில் வாதாட வேண்டாம், டாக்டர் வாயால் கேட்கட்டும்.

மலம் கறுப்பது உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியேறுவதால். மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. (மாத்திரை போடாதபோதும் தார் போல ஒட்டிக்கொண்டு நாற்றத்தோடு போனால் அது வேறு, உடனே காட்ட வேண்டும்.) குமட்டலுக்கு வழி இருக்கிறது: காலையில் வெறும் வயிற்றில் வேண்டாம், ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு போடுங்கள். வெறும் வயிற்றில்தான் நன்றாக உறிஞ்சும் என்பது உண்மையே, ஆனால் வாந்தி எடுத்த மாத்திரையைவிட உள்ளே தங்கிய மாத்திரை மேல். காபி, டீ குடித்தால் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், கும்பகோணம் டிகிரி காபியானாலும் இந்த விஷயத்தில் சலுகை கிடையாது. கால்சியம் மாத்திரையையும் கூடவே விழுங்காதீர்கள், அது பகல் சாப்பாட்டோடு போகட்டும்.

அரசு கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாதாரணமாக நாளுக்கு ஒன்று, உங்கள் அளவுக்கு இரண்டு என்பது வழக்கம். ஆனால் நீங்களாகக் கூட்டாதீர்கள். முதலில் போய், நிறுத்திவிட்டேன் என்று நர்ஸம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். எல்லாரும் "போடுறேன்" என்றுதான் சொல்கிறார்கள், மாத்திரை அரிசிப் பானைக்குப் பின்னால் கிடக்கும், நாங்கள் ஏன் ஏறவில்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்போம். ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஒரு பாயிண்டாவது ஏற வேண்டும். ஏறவில்லை, அல்லது வயிறு ஏற்கவே இல்லை என்றால் நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்தை டிரிப்பில் ஏற்றுவார்கள். அப்போது வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, சின்ன மீன், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) எல்லாம் நல்லது. ஈரலை அடிக்கடி வேண்டாம், வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சிவிடும். பீட்ரூட்டை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், அதன் நிறம்தான் சிவப்பு, இரும்பு கொஞ்சம்தான். எது சாப்பிட்டாலும் மாத்திரைக்குப் பதில் ஆகாது. அப்புறம் கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழம் உங்களுக்குத்தான், மூத்தவனுக்கு இல்லை!

களை பறிப்பதைப் பொறுத்தவரை, அளவு ஏறும்வரை வேண்டாம் என்பேன். மூச்சு வாங்கும் என்பது ஒன்று. வெறுங்காலோடு சேற்றில் நிற்கும்போது கொக்கிப்புழு பாதம் வழியாக ஏறிக் குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும் என்பது இன்னொன்று. நாலாம் மாதத்துக்கு மேல் கொடுக்கும் பூச்சி மாத்திரையைப் போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, கேட்டு வாங்குங்கள்.

வெள்ளைப்படுதல் பால் போல, நாற்றமும் அரிப்பும் இல்லாமல் இருந்தால் கர்ப்பத்தில் சகஜம். தயிர்க்கட்டி போல வந்து அரித்தாலோ, மஞ்சள் பச்சையாக நாறினாலோ காட்டுங்கள், கடையில் கேட்டு மருந்து வைக்காதீர்கள். தண்ணீராகக் கொட்டினால், ரத்தம் பட்டால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், தலைவலியோடு கண் மங்கி முகம் வீங்கினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.