சிகாகோவில் நடக்கும் பெரிய நூலகர் மாநாட்டுக்கு முதல்முறை போகிறேன். எப்படித் தயாராவது?

அமெரிக்கப் பொது நூலகம் ஒன்றில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது, நூலகச் செலவிலேயே ஏ.எல்.ஏ. (அமெரிக்க நூலகச் சங்கம்) ஆண்டு மாநாட்டுக்கு அனுப்புகிறார்கள், ஊரில் தமிழ்க் குடும்பங்கள் பெருகியதால் தமிழ் அலமாரி தொடங்கும் பேச்சும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இங்கே பொது நூலகத்தில்தான் வேலை பார்க்கிறேன். கல்லூரி நூலகர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

முதலில் அமர்வுப் பட்டியலை மூடி வையுங்கள். உங்கள் மேலதிகாரியிடம் போய், "இந்த வருஷம் நாம் எதை வாங்கப் போகிறோம், எதை மாற்றப் போகிறோம்?" என்று கேளுங்கள். பதிலில் வரும் மூன்று நான்கு விஷயங்கள்தான் உங்கள் திட்டம். அதற்குப் பொருந்தும் அமர்வுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிரபலங்களின் பேச்சுக்காக வரிசையில் நிற்பது என்னைக் கேட்டால் நேர விரயம். ஆனால் புது உறுப்பினர்களுக்கான வட்டம் நடத்தும் அறிமுகக் கூட்டத்தைத் தவற விடாதீர்கள்; கூட்டத்தில் தனியாகத் திரிகிற உணர்வு அங்கேயே போய்விடும். 1980-ல் தொடங்கிய ஆசிய பசிபிக் அமெரிக்க நூலகர் சங்கத்தின் நிகழ்ச்சிகளையும் பாருங்கள். நம் முகங்கள் தென்படும்.

இடம் மெக்கார்மிக் பிளேஸ். ஏரிக்கரையை ஒட்டி நான்கு பிரம்மாண்டக் கட்டடங்கள், பாலங்களால் இணைத்தவை. கண்காட்சிக்கான இடம் மட்டுமே 26 லட்சம் சதுர அடி. ஒரு கட்டடத்தில் ஒரு அமர்வு முடிந்ததுமே வேறு கட்டடத்தில் தொடங்கும் அமர்வுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நம்பாதீர்கள். காலுக்குப் பழகிய ஷூ போதும், புதுசு வேண்டாம். வெளியே ஜூன் வெயில், உள்ளே ஏசி நடுக்கும், ஸ்வெட்டர் அவசியம். பக்கத்து ஹோட்டல் விலை தாங்காவிட்டால் கிரீன் லைன் ரயில் ஓடும் பகுதியில் தங்குங்கள், செர்மாக்-மெக்கார்மிக் பிளேஸ் என்றே ஒரு நிலையம் இருக்கிறது.

இனி கண்காட்சி. உங்களுக்கு முக்கியமான வேலை அங்கேதான். நூலக மென்பொருள் விற்பவர்கள் தங்கள் திரையில், தாங்கள் தேர்ந்தெடுத்த ஆங்கிலப் புத்தகத்தைத் தேடிக் காட்டுவார்கள். அழகாக வரும். நீங்கள் போனில் தமிழ் விசைப்பலகையைத் திறந்து, அவர்களுடைய கேட்டலாக்கிலேயே (வாசகர்கள் புத்தகம் தேடும் கணினிப் பட்டியல்) "சமையல்" என்று அடித்துப் பாருங்கள். ஒன்றும் வராமல் போகலாம், சில சமயம் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். விற்பனையாளர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்! புத்தகம் சப்ளை செய்பவர்களிடம் கேட்க வேண்டியது வேறு: மார்க் பதிவில் (ஒரு புத்தகத்தின் விவரங்களைக் கணினி படிக்கும் வடிவில் தரும் பதிவு) ரோமன் எழுத்துத் தலைப்போடு, வேற்று எழுத்துக்கான 880 என்ற புலத்தில் தமிழ் எழுத்தும் இருக்கிறதா? இருந்தால் ஒரு மாதிரிப் பதிவைக் கேட்டு வாங்கி வாருங்கள். அது இல்லாவிட்டால் தமிழில் தேடும் பாட்டிக்கு உங்கள் அலமாரியில் உள்ள புத்தகம் கிடைக்காது. விலை, தள்ளுபடி எல்லாம் பிறகு மின்னஞ்சலில் பேசிக்கொள்ளலாம்.

யாரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்ற கூச்சம் வேண்டாம். தமிழ்நாட்டுக்காரர் என்றால் பலர் "ரங்கநாதன்!" என்பார்கள். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை இங்கேயும் நூலகப் படிப்பில் சொல்லித்தருகிறார்கள். நம் ஊரில் நூலகம் படித்தவர்களைத் தவிர எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்பது தனிக் கதை.

இலவசப் புத்தகங்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெளிவருவதற்கு முன்பே பதிப்பாளர்கள் தரும் முன்பிரதிகள் அவை. அரங்கு திறந்ததும் கூட்டம் அலைமோதும். அவற்றை நூலகச் சேகரிப்பில் சேர்க்கக்கூடாது, விற்கவும் கூடாது; விற்பனைக்கு அல்ல என்று அட்டையிலேயே போட்டிருக்கும். படித்துவிட்டு எதை வாங்கலாம் என்று முடிவெடுக்கத்தான். சக்கரப் பையைக் கண்காட்சிக்குள் விடமாட்டார்கள், தோள்பைதான் கதி. அதனால் நீங்கள் வாங்கும் பிரிவுக்கானதை மட்டும் எடுங்கள். சேர்ந்துவிட்டால் விமானத்தில் சுமக்காமல் தபாலில் மீடியா மெயிலாக (புத்தகம் போன்றவற்றுக்கான தனிக் கட்டணம்) போட்டுவிடுங்கள், 70 பவுண்டு எடை வரை ஒரே பெட்டியில் மலிவாகப் போகும். விற்பனையாளர்கள் தந்த விளம்பர கேட்டலாக்கை மட்டும் அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். விளம்பரத்துக்கு அந்தக் கட்டணம் செல்லாது.