யமடா வீட்டுக் குடை

வணக்கம். நீங்கள் சொன்னீர்களே என்று ‘பக்கத்து வீட்டு யமடாக்கள்’ பார்த்தேன். ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ எடுத்த கார்ட்டூன் படமாயிற்றே என்று ஆசையாக உட்கார்ந்தால், கதையே இல்லை. அம்மாவுக்குச் சமைக்க அலுப்பு, பாட்டிக்கு வாய் ஓய்வதில்லை. ஒருவர்கூட இன்னொருவரிடம் அன்பாக நாலு வார்த்தை பேசக் காணோம். இதையா மனதை இளக்கும் படம் என்கிறீர்கள்? ஜப்பானில் குடும்பங்கள் உண்மையிலேயே இப்படித்தானா?
– ர.

அன்புள்ள ர.,

கதை இல்லைதான். ஹிசாய்ச்சி இஷீ அசாஹி ஷிம்புன் நாளிதழில் வரைந்துவந்த நாலு கட்டத் துணுக்குகளைத்தான் இசாவோ தகாஹாதா 1999இல் படமாக்கினார். நாலாவது கட்டத்தில் சிரிப்பு வந்ததும் விஷயம் முடிந்தது, யாரும் திருந்துவதில்லை. அதற்கு முன் வந்த கிப்லி படமான ‘இளவரசி மொனோனோக்கே’யில் கிறங்கிக் கிடந்த ஜப்பானிய ரசிகர்களே இதைக் கைவிட்டார்கள், வசூலில் படுத்துவிட்டது. ஆக, உங்களுக்குத் துணை உண்டு.

ஆனால் அன்பில்லை என்பதை ஒப்பமாட்டேன். மழையில் ரயில் நிலையத்தில் மாட்டிக்கொண்ட அப்பா தகாஷி, குடை எடுத்துவரச் சொல்லி வீட்டுக்கு போன் செய்வாரே, நினைவிருக்கிறதா? யாருக்கும் எழுந்திருக்க மனமில்லை. கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறார்கள். அவரும் கடுப்பில் வாங்கிக்கொண்டு நடக்கிறார். எதிரே மழையில் குடும்பமே குடையோடு வருகிறது. தகாஹாதா அங்கே ஒருவரையும் கண்கலங்க விடவில்லை. நம் சீரியல்காரர்கள் என்றால் வயலினோடு அரை மணி நேரம் ஓட்டியிருப்பார்கள்.

சின்னப் பெண் நோனோகோவைப் பாருங்கள். பெரிய கடையொன்றில் அவளை விட்டுவிட்டு எல்லோரும் காரில் கிளம்பிவிடுகிறார்கள். பாதி வழியில்தான் தெரிகிறது, உடனே யார் தப்பு என்று சண்டை. இங்கே அவளோ தான் தொலைந்ததாக நினைக்கவே இல்லை. அப்பா, அம்மா, பாட்டி, அண்ணன் நாலு பேரும் தொலைந்துவிட்டதாகத்தான் அவள் கணக்கு. தன் வீட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை! இதற்கு மேல் அன்பை வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா?

அப்புறம், உண்மையில் இப்படித்தானா என்ற கேள்வி. ‘சிபி மருகோ சான்’ என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில் பேத்தி மருகோவுக்காக உருகும் தாத்தா தோமோசோவைப் பார்த்தால், இப்படி ஒரு தாத்தா நமக்கு இல்லையே என்றிருக்கும். மருகோ என்பது அதை எழுதிய மொமோகோ சகுராவின் சின்ன வயதுதான். ஆனால் அவருடைய நிஜத் தாத்தா மோசமான ஆள், வீட்டில் யாருக்கும் அவரைப் பிடிக்காது என்று கட்டுரையொன்றில் அவரே எழுதியிருக்கிறார். கிடைக்காத தாத்தாவை வரைந்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். யமடாக்களை எந்த வீட்டைப் பார்த்து வரைந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அந்த அம்மா மட்சுகோவை நன்றாகத் தெரியும்.