வாசகர் கேள்வி–பதில்: கொடை விழா கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றலாமா?

கேள்வி: எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடையில் இரவு முழுவதும் நடந்த வில்லுப்பாட்டை என் தகப்பனார் 1980களில் கேசட்டுகளில் பதிவு செய்து வைத்திருக்கிறார். கேசட்டைக் கண்டுபிடித்தவர் யார்? இவற்றைக் கணினிக்கு மாற்ற முடியுமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: முடியும், காலம் கடத்தாமல் மாற்றிவிடுங்கள்.

நாடாவில் காந்தப் பொடி பூசி ஒலியைப் பதியும் முறைக்கு ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஃப்ளோய்மர் 1928-இல் வழிகாட்டினார். பெரிய சுருள்களில் ஓடிய அந்த நாடாவைக் கையடக்கப் பெட்டிக்குள் கொண்டுவந்தவர்கள், பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரிலிருந்த பிலிப்ஸ் தொழிற்கூடத்தில் லூ ஓட்டன்ஸ் தலைமையில் உழைத்த பொறியாளர்கள். 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அது அறிமுகமானது. பிற நிறுவனங்களும் கட்டணமின்றித் தயாரிக்க பிலிப்ஸ் அனுமதித்ததால்தான் உலகம் முழுவதும் ஒரே அளவு கேசட் நிலைத்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் வாங்கி வந்த டேப் ரெக்கார்டரில் நம் ஊர்க் கொடைப் பாட்டும் பதிவானது.

இனி மாற்றும் வேலை. கணினியைவிட கேசட்டை ஓட்டும் கருவிதான் இதில் முக்கியம். 3.81 மில்லிமீட்டர் அகல நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில், ஒலியைப் படிக்கும் முனையான ஹெட்டை உரசிச் செல்கிறது. ஹெட் சிறிதளவு சாய்ந்திருந்தாலும் உச்ச ஒலிகள் மங்கிவிடும். வில்லுப்பாட்டில் இப்படி முதலில் மங்கிப்போவது வில்லில் கட்டிய மணிகளின் ஓசை. குடத்தின் அதிர்வு கேட்க, மணி மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகை மிக மெதுவாகத் திருப்பி, மணியோசை தெளியும் இடத்தில் நிறுத்தும்படி கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் சொல்லுங்கள். கருவிக்குள் நாடாவை ஓட்டும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் வேகம் குறைந்து சுருதி இறங்கும், அலையவும் செய்யும். எனவே புது பெல்ட் மாற்றிய நல்ல கருவி வேண்டும். மலிவான யூ.எஸ்.பி. கேசட் பிளேயர்களை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓட்டுவதற்கு முன், கேசட்டின் மேல் விளிம்பிலுள்ள இரு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய ஒலி அழியாது. நாடாவில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் அதைத் தனியே எடுத்து வைத்து, அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். அது ஹெட்டிலும் அடுத்த கேசட்டிலும் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றை ஒருமுறை கடைசி வரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றிய பிறகே பதியுங்கள். 90 நிமிட கேசட்டின் நாடா 60 நிமிடத்தினதைவிட மெல்லியது. அதிக கவனம் தேவை.

கருவியின் லைன் அவுட்டிலிருந்து (ஒலி வெளிவரும் துளை) கணினியின் லைன் இன்னுக்கு (ஒலி உள்ளே போகும் துளை) கம்பி கொடுத்து, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 1 ஜி.பி. வரும். இரைச்சலை நீக்குவதாக இருந்தால் அதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். கண்மூடி நீக்கினால் இரைச்சலோடு மணியோசையும் கூட்டத்தின் குலவையும் போய்விடும், அவையும் அந்த இரவின் பகுதிதானே?

கோப்பின் பெயரில் ஊர், ஆண்டு, பாடிய கதை, எத்தனையாவது கேசட், எந்தப் பக்கம் என்பவற்றைக் குறியுங்கள். பாடியவர்களின் குரலை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்களை அருகில் அமர்த்திக் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களையும் எழுதி வையுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்க, இன்னொன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். மூலக் கேசட்டுகளைத் தூக்கிப் போடாமல், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு எட்டாத, ஈரமில்லாத அலமாரியில் செங்குத்தாக அடுக்குங்கள்.