பிளையிங் ஸ்கூலில் பணம் கட்டுவதற்கு முன்

மகள் பைலட் ஆக வேண்டும் என்றதும் நீங்கள் முதலில் விசாரித்தது கட்டணத்தை. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் செலவு மருத்துவப் பரிசோதனையாக இருக்கட்டும். சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 'கிளாஸ் 1' மருத்துவச் சான்று கட்டாயம். விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் அதைப் பெற முடியும். பாதிப் பயிற்சி முடிந்த பிறகு தகுதியில்லை என்று தெரிந்தால், போட்ட பணம் போனதுதான்.

கண்ணாடி போட்டிருக்கிறாளே என்ற பயம் வேண்டாம். சர்வதேச அளவுகோலின்படி கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். சிக்கல் வருவது நிறப் பார்வையில். ஓடுபாதை ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்குகள் இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரத்தில் இறங்குகிறோம்; நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டோம். இந்த வித்தியாசம் ஒரு பார்வையில் பிடிபட வேண்டும். புள்ளிகளுக்குள் எண் தேடும் இஷிஹாரா சோதனையில் தவறினாலும் பல நாடுகளில் அடுத்த கட்டச் சோதனை உண்டு. பழைய நோயையோ சாப்பிடும் மாத்திரையையோ மட்டும் மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் லைசென்ஸுக்கே ஆபத்து.

இந்த லைசென்ஸுக்கு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த குறைந்தபட்ச அளவு: வயது 18, பறந்த நேரம் 200 மணி. பாடமும் பறத்தலும் ஒரே தொடராக நடக்கும், அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த படிப்பாக இருந்தால் 150 மணி. அந்த 200-இல் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு மாணவியின் கையில் இருந்திருக்க வேண்டும். 540 கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு பயணத்தில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று வர வேண்டும். இவை அடிமட்ட அளவுதான். உங்கள் நாட்டு ஆணையம் கூடுதலாகக் கேட்கலாம், அவர்கள் விதியைப் படித்துவிடுங்கள்.

இனி பள்ளியைத் தேர்ந்தெடுப்பது. "எத்தனை விமானம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பெருமையாக ஒரு எண் வரும். "இன்று எத்தனை பறக்கிறது?" என்று கேளுங்கள். எட்டில் மூன்று சர்வீஸுக்கோ உதிரிபாகத்துக்கோ காத்து ஷெட்டில் நிற்கலாம். மீதி ஐந்தும் மாதத்துக்கு 20 நாள், நாளுக்கு 5 மணி பறந்தால் மொத்தம் 500 மணி. மாணவர்கள் 50 பேர் என்றால் தலைக்கு 10 மணி. 200 மணி முடிய 20 மாதம். மூடுபனி, மழை, குறுக்குக்காற்று இந்தக் கணக்கில் சேரவில்லை. "ஒரே வருஷத்தில் முடித்துவிடலாம்" என்பவரிடம் இதே கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பயிற்றுநர்கள் எத்தனை பேர் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். விமானம் சும்மா நிற்க, சொல்லித்தர ஆளில்லாத பள்ளிகளும் உண்டு.

இடைவெளி விழுந்தால் நாள் மட்டுமா போகிறது? தரையிறங்கும்போது விமானத்தின் மூக்கை எப்போது தூக்குவது என்பது கைப்பழக்கம். மூன்று வாரம் பறக்காத மாணவி சீக்கிரமே தூக்கிவிடுவாள். விமானம் மறுபடி மேலே மிதக்கும், வேகம் குறையும், தொப்பென்று விழும். அதைச் சரிசெய்ய அதே பாடத்தை மறுபடி பறக்க வேண்டும், அந்த மணிக்கும் பணம் கட்ட வேண்டும். அதனால் தேர்வுக்குப் படிக்க நடுவில் பறப்பதை நிறுத்தாமல் இருக்க, வானிலை, வழிசெலுத்தல், விமான விதிகள் ஆகிய எழுத்துத் தேர்வுகளை முடிந்தவரை பறக்கத் தொடங்கும் முன்பே எழுதி முடிப்பது நல்லது.

முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள், தள்ளுபடி தந்தாலும். கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பது எழுத்தில் இருக்கட்டும். எரிபொருள் விலையேற்றம், தேர்வுக் கட்டணம், கூடுதல் மணிநேரம் யார் தலையில் என்பதும்தான். வெளிநாட்டில் படித்தால் அந்த நாட்டு லைசென்ஸ்தான் கிடைக்கும். ஊர் திரும்பி மாற்றிக்கொள்ளத் தனிச் செலவு, தனித் தேர்வு.

லைசென்ஸ் வந்ததும் வேலை வந்துவிடாது. வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளைப் பார்த்தே ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், இரட்டை எஞ்சின் தகுதி, அதன்பின் ஏ320 அல்லது 737 போன்ற ஒரு விமான ரகத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங் வேண்டும். டைப் ரேட்டிங்கை வேலை உறுதியாகும் முன்பே சொந்தப் பணத்தில் எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் எடுத்த ரகம் ஒன்று, ஆள் எடுக்கும் நிறுவனம் ஓட்டும் ரகம் வேறொன்றாக இருந்தால் அந்தச் செலவு வீண்.