ஆடும் ஸ்டியரிங்: பொக்ஸை மாற்றுவதா, திருகாணியை இறுக்குவதா?

கேள்வி: நான் தலவாக்கலையில் ஆசிரியராக இருக்கிறேன். அண்மையில் ஒருவரிடமிருந்து பழைய டட்சன் 1200 கார் ஒன்றை வாங்கினேன். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. ஸ்டியரிங்கை நான்கு விரல் அகலத்துக்குத் திருப்பிய பிறகுதான் முன்சில்லு அசைகிறது. நேர் வீதியிலும் கார் அலைகிறது. ஹட்டனில் ஒரு கராஜில் ஸ்டியரிங் பொக்ஸையே (ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள பற்சக்கரப் பெட்டி) மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு பாஸ், பொக்ஸின் மேலுள்ள திருகாணியை அரைச் சுற்று இறுக்கினால் போதும் என்கிறார். யாரை நம்புவது? விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: இருவரில் ஒருவராவது காரின் கீழே படுத்துப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அதைச் செய்யாமல் சொன்ன இரண்டு யோசனைகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நான்கு விரல் என்றால் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். இவ்வகைக் கார்களில் ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றேகால் அங்குலம் வரையான ஆட்டத்தைத்தான் பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே கோளாறு இருப்பது உறுதி. ஆனால், ஸ்டியரிங்கிலிருந்து சில்லு வரை ஏழெட்டு இணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிறிதளவு தேய்ந்தாலே இவ்வளவு ஆட்டம் சேர்ந்துவிடும். பொக்ஸ் அவற்றில் ஒன்று மட்டுமே.

சோதனை எளிது. சமதரையில் காரை நிறுத்துங்கள் (உங்கள் ஊரில் அதற்குப் பாடசாலை மைதானத்தைத்தான் தேட வேண்டியிருக்கும்). முதலில் டயர்களின் காற்றைச் சரிபாருங்கள். காற்றுக் குறைந்த முன் டயரும் காரை அலைய விடும். பின்னர் எஞ்சினை நிறுத்தி, பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, காரை ஜாக்கில் தூக்காமல், முன்சில்லுகள் தரையில் இருக்கும்போதே ஒருவரை உள்ளே அமர்த்தி, ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் டோர்ச்சுடன் கீழே குனிந்து, ஒவ்வோர் இணைப்பின் மீதும் விரலை வைத்துப் பாருங்கள். தேய்ந்த டை ரொட் என்ட் (சில்லைத் திருப்பும் தண்டின் நுனியிலுள்ள மூட்டு) 'டொக்' என்று விரலில் தட்டும். ஒரு பக்கத்துத் தண்டு நகர்ந்த பிறகே மறுபக்கம் நகர்வதைக் கண்ணாலும் காணலாம். வலப்பக்கம் பொக்ஸிலிருந்து இறங்கி, தண்டுகளை அசைக்கும் 'பிட்மன் ஆம்' என்ற கையைப் பலர் பார்ப்பார்கள். அதற்கு நேரெதிரே இடப்பக்கத்தில் தண்டுகளைத் தாங்கி நிற்கும் 'ஐட்லர் ஆம்' என்ற கையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் புஷ் (மூட்டிலுள்ள உள்வளையம்) தேய்ந்தால் அந்தக் கை மேலும் கீழுமாக ஆடி, கார் நீங்கள் சொல்லும் விதமாகவே அலையும். பொக்ஸைக் காரின் உடலுடன் பிணைக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் ஸ்டியரிங் திரும்பும்போது பொக்ஸே நெளிந்து கொடுக்கும். அதற்குத் தேவை ஒரு ஸ்பானர் மட்டுமே.

தேய்ந்த என்ட்டைச் சுத்தியலால் அடித்தோ, அமுக்கியோ, வெல்டிங் வைத்தோ 'டைட்' செய்து தருவதாக யாரேனும் சொன்னால், காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். புதியதைப் பூட்டும்போது நட்டில் ஸ்பிளிட் பின் போடப்பட்டதை உங்கள் கண்ணால் பாருங்கள். அந்தப் பின் இல்லாமல் நட் கழன்றால் றம்பொடை வளைவில் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், சில்லு தன் வழியில் போகும். என்ட் மாற்றினால் எலைன்மென்ட்டும் (முன்சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்தல்) செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் புது டயரின் ஓரம் விரைவில் தேய்ந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, மேலே ஸ்டியரிங் தண்டு திரும்பியும் பிட்மன் ஆம் அசையாமல் தாமதித்தால்தான் பொக்ஸின் முறை வருகிறது. அப்போதும் முதலில் எண்ணெயைப் பாருங்கள், சீல் கசிந்து உள்ளே வறண்டிருக்கலாம். அடுத்ததுதான் அந்தத் திருகாணி. கார் பெரும்பாலும் நேராக ஓடுவதால் உள்ளிருக்கும் பற்கள் நடுவில்தான் அதிகம் தேய்கின்றன. நடுவிலுள்ள ஆட்டம் முழுவதும் போகுமளவுக்கு இறுக்கினால், தேயாத ஓரப் பற்கள் முழுத்திருப்பத்தின்போது இறுகிக்கொள்ளும். அரைச் சுற்று என்பது மிக அதிகம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, திருகாணியைப் பிடித்து வைத்திருக்கும் லொக் நட்டைத் தளர்த்தி, எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கி, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கேனும் பிடித்தால் திருகாணியைப் பழையபடி தளர்த்திவிடுங்கள். வளைவை விட்டு வெளியேறும்போது தானாக நடுவுக்குத் திரும்பாத ஸ்டியரிங், சற்று ஆடும் ஸ்டியரிங்கைவிட ஆபத்தானது. ஒரு வளைவு முடியுமுன் மறுவளைவு தொடங்கும் மலைவீதியில் இதைக் கூடுதலாகச் சொல்லத் தேவையில்லை.

பொக்ஸ் வாங்கத்தான் வேண்டுமென்றால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். அங்கு கிடைப்பதும் உங்களுடையதைப் போலவே வயதானதாகத்தான் இருக்கும் என்பதை மனத்தில் வைத்துப் பேரம் பேசுங்கள். கழற்றிய பழைய பொக்ஸைக் கையோடு கொண்டுபோய் அருகில் வைத்து ஒப்பிடுங்கள். இடப்பக்க ஸ்டியரிங் காரின் பொக்ஸ் உங்களுக்குப் பொருந்தாது. தண்டைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், பிட்மன் ஆம் பூட்டும் பற்கள் சிதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றித் தரும் கால எல்லையைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதங்களுக்குள் செய்ய வேண்டும்.

விற்றவரின் கதை வேறு. அந்தச் சட்டம் வியாபாரிகளை நோக்கியது. தமது சொந்தக் காரை விற்றவர் வாயால் சொன்ன "ஸ்டியரிங் டைட்" என்பதை வைத்துக்கொண்டு நீங்கள் அதிக தூரம் போக முடியாது. புகைச் சான்றிதழும் உதவாது. அது புகையை மட்டுமே அளக்கிறது. பணம் கேட்பதைவிட, இதற்கு முன் அந்தத் திருகாணியை இறுக்கியது யார், எத்தனை முறை என்று அவரிடம் கேளுங்கள். அது ஏற்கெனவே அடிவரை இறங்கியிருந்தால் இனி இறுக்க இடமில்லை. அப்போது ஹட்டன் கராஜ் சொன்னதுதான் சரி.