எதை மறுப்பீர்கள் என்று எழுதுங்கள்

கேள்வி: நான் ஒரு பல் மருத்துவர். எங்கள் தேசியச் சங்கத்தில் முதலில் கிளைச் செயலாளராகவும் பிறகு செயற்குழு உறுப்பினராகவும் இருந்திருக்கிறேன். வரும் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். எனக்கு எதிரிகள் கிடையாது. ‘ஒற்றுமை, தொழிலின் கண்ணியம், உறுப்பினர் நலன்’ என்று தேர்தல் அறிக்கை தயாரித்து இணைத்திருக்கிறேன். சர்ச்சைக்குரிய எதையும் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்கிறார்கள். நிற்கலாமா?

பதில்: நிற்கலாம், ஆனால் இந்த அறிக்கையோடு நிற்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் படித்தேன். உங்களை எதிர்த்து நிற்பவர் இதை வரிக்கு வரி எடுத்து, உங்கள் புகைப்படம் இருக்கும் இடத்தில் தம் படத்தை ஒட்டிக்கொண்டால், வாக்காளர்கள் வித்தியாசம் கண்டுபிடிக்கப் போவதில்லை. ‘பாடுபடுவேன்’ என்ற சொல் ஏழு இடங்களில் வருகிறது. எதற்கு என்பது ஓரிடத்திலும் தெளிவாக இல்லை.

சர்ச்சை வேண்டாம் என்னும் உங்கள் நண்பர்களுக்கு ஆதரவாக ஒரு பழைய கதையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். 1840-ல் நியூயார்க்கில் தொடங்கிய அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் சங்கம், பாதரசம் கலந்த அமால்கம் கொண்டு பல் அடைக்க மாட்டோம் என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்டது. கையெழுத்திட மறுத்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. 1850-ல் அந்த நிபந்தனையைக் கைவிட்டும் பிளவு ஆறவில்லை; 1856-ல் சங்கமே கலைந்துபோனது. இன்றிருக்கும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1859-ல் நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகே கூடியவர்களால் புதிதாகத் தொடங்கப்பட்டது. ஆனால் அந்தப் பழைய சங்கம் கலைந்தது அதன் தலைவர்கள் ஒரு நிலைப்பாடு எடுத்ததால் அன்று; ஆதாரத்தைக் காட்டி உறுப்பினர்களை இணங்கவைக்க வேண்டிய இடத்தில் கையெழுத்தைக் கேட்டு நெருக்கியதால்தான் என்பது என் கணிப்பு.

அதே அமால்கம் இன்றும் விடவில்லை என்பதையும் பாருங்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் ஏற்கப்பட்ட பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை அமால்கம் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் சில மருத்துவ விதிவிலக்குகளைத் தவிர அதற்குத் தடையே விதித்துவிட்டது. மாற்றுப் பொருளுக்கு ஆகும் கூடுதல் செலவை யார் ஏற்பது, பாதரசக் கழிவைச் சாக்கடையில் சேராமல் பிடிக்கும் கருவியைச் சிறிய கிளினிக்குகளும் கட்டாயம் வைக்க வேண்டுமா என்று பிரதிநிதிகள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால், ‘ஒற்றுமையோடு செயல்படுவோம்’ என்றா பதில் சொல்வீர்கள்?

‘உறுப்பினர் நலன்’ என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு. உங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் பல் மருத்துவர்கள். பல்வலியோடு காத்திருப்பவருக்கு அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. உலக அளவில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய்நோய்கள் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் மதிப்பிட்டது. இத்தனை பேருக்கும் சிகிச்சை எட்ட வேண்டுமானால், பட்டம் பெற்ற மருத்துவர் செய்யும் வேலையில் ஒரு பகுதியைக் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்வி வரும். அது உறுப்பினர்களின் வருமானத்தைத் தொடும். நியூசிலாந்துப் பல் மருத்துவச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் ஹன்டர் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. பள்ளிக் குழந்தைகளின் பற்களைக் கவனிக்க இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற செவிலியரைக் கொண்டுவரும் திட்டத்துக்கு அவர் முன்னின்றார். 1921-ல் பயிற்சி தொடங்கியது. நீங்கள் அவரைப் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. எதிர்க்கிறீர்கள் என்றால் காரணத்தோடு எதிர்ப்பதாக எழுதுங்கள். அதற்கும் மரியாதை உண்டு.

பதவியின் அளவையும் தெரிந்துகொண்டு நில்லுங்கள். பல சங்கங்களில் வென்றவர் உடனே தலைவராவதில்லை. ஓராண்டு அடுத்த தலைவராகக் காத்திருந்து, பிறகு ஓராண்டு பொறுப்பு வகிக்கிறார். அமெரிக்கச் சங்கத்திலும் அதுவே முறை. நீங்கள் நாற்காலியில் அமரும்போது வரவுசெலவுத் திட்டம் முடிவாகியிருக்கும், கொள்கையைப் பிரதிநிதிகள் சபை வகுத்திருக்கும், அலுவலகத்தை நிரந்தர ஊழியர்கள் நடத்திக்கொண்டிருப்பார்கள். உங்கள் அறிக்கையின் பதினான்கு வாக்குறுதிகளில் பதின்மூன்றை அடித்துவிடுங்கள். அந்த ஒன்றைக் காத்திருக்கும் ஆண்டிலேயே தொடங்கினால்தான் பொறுப்பு முடிவதற்குள் ஏதாவது நடக்கும். கடந்த மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கைகளை முதலில் வாங்கிப் படியுங்கள். பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது பாதி அரங்கம் தேநீருக்கு எழுந்துபோவது எல்லாச் சங்கங்களிலும் உள்ள வழக்கம். தலைவராக நினைப்பவர் அப்படிப் போகக் கூடாது.

மாநாட்டுக்குப் பணம் தரும் பற்பசை, கருவி நிறுவனங்களிடம் நீங்கள் ஆலோசனைக் கட்டணமோ பயணச் செலவோ பெற்றிருந்தால், யாரும் கேட்கும் முன் அதை அறிக்கையிலேயே வெளியிடுங்கள். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொல்லும் தொகை எப்போதும் பெரிதாகவே தெரியும்.

எதிரிகள் இல்லை என்பதைத் தகுதியாக எழுதியிருக்கிறீர்கள். செயற்குழுவில் இருந்த காலத்தில் ஒரு தீர்மானத்துக்காவது எதிராக வாக்களித்தீர்களா என்று எழுதவில்லை. வாக்களித்திருந்தால் எந்தத் தீர்மானம், ஏன் என்பதை அறிக்கையின் முதல் பத்தியாக வையுங்கள். இரண்டாம் பத்தியில், உறுப்பினர்கள் கேட்டாலும் நீங்கள் செய்ய மறுக்கப்போகும் ஒன்றை எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை வற்புறுத்தும் நண்பர்களிடம் காட்டுங்கள். படித்த பிறகும் உங்கள் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்திட எத்தனை பேர் வருகிறார்களோ, அத்தனை பேரை நம்பித் தேர்தலில் இறங்கலாமா என்று அப்போது முடிவு செய்யுங்கள்.