வீட்டுல செய்யுற சம்ப் தொட்டிக்குத் தடுப்பு எதுல போடலாம், கண்ணாடியா, அக்ரிலிக் பிளாஸ்டிக்கா?

சம்ப்னா மீன் தொட்டிக்குக் கீழ வைக்கிற இன்னொரு தொட்டி, ஃபில்டர் ஹீட்டர் மோட்டார் எல்லாம் அதுக்குள்ளதான். அதை அறை அறையா பிரிக்கிற பலகைதான் தடுப்பு, தண்ணி மட்டத்தை நிலையா வச்சு குமிழி மோட்டாருக்குப் போகாம பாத்துக்கும்.

கண்ணாடி தொட்டின்னா தடுப்பும் கண்ணாடியே போடுங்க. அக்ரிலிக் வெட்ட ஈஸிதான், ஆனா தொட்டி ஒட்டுற சிலிகான் பசை அதுல சரியா ஒட்டாது, போதாததுக்கு அக்ரிலிக் கொஞ்சம் கொஞ்சமா தண்ணிய இழுத்து, மழைக்காலத்து மரக்கதவு மாதிரி உப்பி வளைஞ்சு ஓரத்துல ஒட்டின இடத்தைப் பிரிச்சிடும். வேற வழியில்லாம அக்ரிலிக்தான்னா ரெண்டு பக்கமும் 2, 3 மி.மீ இடைவெளி விட்டு சிலிகானை நல்லா ரொப்புங்க. தொட்டியே அக்ரிலிக்னா தடுப்பும் அக்ரிலிக், ஒட்ட அதுக்குன்னு இருக்கிற, அக்ரிலிக்கையே லேசா கரைச்சு ஒட்டுற கரைப்பான் பசை, சிலிகான் இல்ல. பூஞ்சை தடுக்கிற மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் பக்கமே போகாதீங்க, மீனுக்கு ஆகாது. ஒட்டினப்புறம் சிலிகான் காயும்போது வர்ற வினிகர் வாடை சுத்தமா போற வரைக்கும் தண்ணி விடாதீங்க.

தடுப்பும் வெளிக்கண்ணாடி அளவுக்கு தடியா இருக்கணும்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, ரெண்டு பக்கமும் தண்ணி நிக்கிறதால அழுத்தம் பெரும்பாலும் சமமாயிடும், மட்ட வித்தியாசம் மட்டும்தான் தள்ளும், சின்ன சம்ப்புக்கு 5 மி.மீ கண்ணாடியே போதும்.